ரூபனின் அமைதி

சம்பவத்துக்குப் பிறகு கோகிலவாணி வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டுக்கொண்டுதான் நடந்தாள். படுக்கும்போதும் கழற்றுவதில்லை. எந்த நேரமும் எழுந்து ஓட வேண்டிவரும் என்று அவள் கால்கள் நம்பிவிட்டன. போர்வைக்குள் ரப்பர் செருப்பின் நுனி தன் கெண்டைக்காலில் உரசும்போதெல்லாம் யுவராஜ் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் படுத்திருப்பான். அசைந்தால் அவள் விழித்துக்கொள்வாள். விழித்தால் கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பாள். பிறகு அடுத்த தாழ்ப்பாள். பிறகு ஜன்னல்கள்.

அதற்கு முன் அவர்கள் இருந்தது வேலாம்பட்டித் தோட்டத்து வீட்டில். யுவராஜுக்கு மாணிக்காபுரம் டவுனில் மின்வண்டி பேட்டரிக் கடை. கோகிலவாணி அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். பிள்ளைகள் இல்லை. தென்னைகளுக்கு நடுவே இருந்த அந்த வீட்டைக் கட்டி முடித்து இரண்டு மழைக்காலம்தான் ஆகியிருந்தது.

ஐப்பசியில் ஒருநாள், விளக்கு வைக்கிற நேரத்தில் மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். வண்டி நின்றுபோச்சு, பேட்டரி பார்க்க வேண்டும் என்றார்கள். யுவராஜ்தான் போய்க் கேட்டைத் திறந்தான்.

வீட்டுக்குள் இரண்டு பேர் பீரோவைக் குடைந்துகொண்டிருந்தார்கள். ரூபன் என்று பிற்பாடு பேர் தெரிந்த மூன்றாமவன், கோகிலவாணியை ஜன்னல் கம்பியில் கட்டி அவள் கழுத்தில் அரிவாளை வைத்துக்கொண்டு சாவகாசமாக நின்றான். சாவி, நகை, கடைப் பணம், எல்லாவற்றையும் யுவராஜ் எடுத்துக் கொடுத்தாயிற்று. அரிவாள் மட்டும் இறங்கவில்லை.

"முட்டி போடு," என்றான் ரூபன். யுவராஜ் போட்டான்.

"ஆடு மாதிரி கத்து. எடுத்துடறேன்."

யுவராஜ் கத்தினான். ஒரு தடவை போதவில்லை. நான்கு காலில் ஹாலைச் சுற்றி வரச் சொன்னான் ரூபன். யுவராஜ் சுற்றி வந்தான், கத்திக்கொண்டே. ரூபன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்த வேகத்தில் அவன் கை தளர்ந்தது. அரிவாள் கழுத்தை விட்டு இறங்கியது.

போலீசிடமும் கோர்ட்டிலும் இருவரும் எல்லாவற்றையும் சொன்னார்கள், இதைத் தவிர. பேசி வைத்துக்கொண்டு மறைக்கவில்லை. அவரவராகவே விட்டுவிட்டார்கள். ஆனால் அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில், கழுத்தில் அரிவாள் கீறிய இடத்தில் கட்டுப் போட்டிருந்த கோகிலவாணி அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்காகக் கத்துனீங்க மாமா. வேற எவனும் கத்தியிருக்க மாட்டான்." அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் யுவராஜ் அதன்பின் நடமாடினான்.

ரூபன் மட்டும் பிடிபட்டான். மற்ற இருவரும் அகப்படவே இல்லை.

தோட்டத்து வீட்டைப் பூட்டிவிட்டு டவுனில் மாடி வீடு ஒன்றுக்கு வாடகைக்கு வந்தார்கள். அங்கிருந்து சனிக்கிழமை தோறும் கோகிலவாணியை மறுவாழ்வு மையத்துக்குக் கூட்டிப் போனான் யுவராஜ். பழைய நூலகத்தின் பின்கட்டில், அரசு மானியத்தில் நடந்த மையம் அது. ஜெசிந்தா மேடம் என்று ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள் நடத்தினார். வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவார்கள். கம்மலைப் பறித்ததில் காது கிழிந்த பூக்காரி தெய்வானை, மகனைக் குத்தியதைக் கண்ணால் பார்த்த ஒரு பஸ் கண்டக்டர், இன்னும் சில பேர். விருப்பப்பட்டவர்கள் பேசலாம். பேசாவிட்டாலும் டீ உண்டு.

கோகிலவாணி பல மாதம் பேசவே இல்லை. பிறகு ஒருநாள் கேட்டைத் திறந்த சத்தத்தைப் பற்றி மட்டும் சொன்னாள். அப்புறம் அரிவாளின் குளிர்ச்சியைப் பற்றி. ஒரு சனிக்கிழமை, எல்லாரும் பார்த்திருக்க, செருப்பைக் கழற்றி நாற்காலிக்கடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்தாள். பார்க்காததுபோல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார் ஜெசிந்தா. யுவராஜ் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதுவிட்டு வந்தான்.

அதற்கு அடுத்த மாதமே மானியத்தை நிறுத்திவிட்டார்கள்.

"நிறுத்தலை. திருப்பி விட்டிருக்காங்க," என்றார் ஜெசிந்தா. நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். "புதுத் திட்டத்துக்கு. அமைதிக் கொடைன்னு பேரு. சட்டசபையில எல்லாக் கட்சிக்காரங்களும் மேசையைத் தட்டினாங்களே, டிவியில பாக்கலையா? காயம் தந்தவனே மருந்து தருவான்னு போஸ்டர்கூட ஒட்டியிருக்காங்க."

"பாத்தனுங்க மேடம். புரியலை."

"நினைவுங்கிறது பெட்டிக்குள்ள பூட்டி வெச்ச போட்டோ இல்லை தம்பி. எடுத்துப் பாக்கிற ஒவ்வொரு தடவையும் அது மெழுகு மாதிரி கொஞ்ச நேரம் இளகும். திரும்ப இறுகறதுக்குள்ள பக்கத்துல என்ன இருக்கோ, அதுவும் சேந்து ஒட்டிக்கும். இங்க நாங்க செஞ்சதும் அதுதான். கோகிலா சொல்லும்போது நான் பக்கத்துல நிதானமா உக்காந்திருந்தேன். அந்த நிதானம் கொஞ்சங் கொஞ்சமா அவங்க நினைவுல ஒட்டுச்சு. அதுக்கு வருஷக்கணக்கா ஆகும். மெஷின் ஒரே நாள்ல ஒட்டிடும்ங்கிறாங்க."

"அப்ப நல்லதுதானுங்களே?"

"யாரோட நிதானம்னு கேக்க மாட்டீங்களா?"

யுவராஜ் அவர் முகத்தைப் பார்த்தான்.

"வேற எங்கயோ இருந்த ஆளோடது அவ்வளவு பொருந்தாதாம். அதே இடம், அதே நேரம், அதே சத்தம், ஆனா பயமில்லாம பாத்த ஒருத்தரோட நினைவு வேணுமாம். அன்னைக்கு உங்க வீட்டு ஹால்ல பயப்படாம நின்னவன் யாரு?"

அடுக்கிய நாற்காலியைப் பிடித்துக்கொண்டான் யுவராஜ்.

"அவனுக்குக் கொடையாளின்னு பேரு வெச்சிருக்காங்க," என்றார் ஜெசிந்தா. "குடுத்தா தண்டனையில பாதி கழியும். அங்க சிறைச் செலவு மிச்சம், இங்க என்னை மாதிரி ஆளுங்க சம்பளம் மிச்சம். ஒரு பொம்பளையோட மூணு வருஷம் உக்காந்து டீ குடிக்கிறதுக்கு எந்த அரசாங்கம் காசு குடுக்கும்? ஜனங்களுக்கும் கேக்கச் சந்தோசமா இருக்கு. திருடனோட மண்டையிலிருந்து பிடுங்கிக் குடுக்கிறாங்கல்ல."

சுவரோரம் நின்ற தெய்வானை கேட்டாள்: "என்ற காதைப் பிச்சவன் இன்னும் கெடைக்கவே இல்லைங்களே மேடம். எனக்கு எவனோடதைக் குடுப்பாங்க?"

ஜெசிந்தா அடுத்த நாற்காலியை எடுத்து அடுக்கினார். ஆள் பிடிபடாதவர்களுக்குத் திட்டத்தில் இடமே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

கோகிலவாணி ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். "அவனோடதா? என்ற தலைக்குள்ளயா? தூ."

ஆனால் சனிக்கிழமைகள் நின்றபின் அவள் சரிய ஆரம்பித்தாள். செருப்பு திரும்பக் காலில் ஏறியது. அப்புறம் சமையல்கட்டை விட்டு வெளியே வரப் பயம், குளியலறைக் கதவைச் சாத்தப் பயம். ஒருநாள் மத்தியானம் தண்ணீர் கேன் போடுகிறவன் மணியை அடித்தான். யுவராஜ் கடையிலிருந்து ஓடி வந்தபோது, தெருவே மேலே பார்த்து நின்றது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள் கோகிலவாணி. குதிக்க வேண்டும் என்று அவளுக்கு எண்ணமில்லை. ஓடி வந்திருக்கிறாள், அதற்கு மேல் ஓட இடமில்லை. அவ்வளவுதான்.

இறக்கிக் கூட்டி வந்த அன்று ராத்திரி யுவராஜ் அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டு சொன்னான். "பண்ணிக்கலாம் கோகி. எவனோடதா இருந்தா என்ன. பேட்டரி யாரு செஞ்சதுன்னு பாத்தா வண்டி ஓட்டறோம்?"

"நீங்க?"

"எனக்கு அப்புறம் பாக்கலாம். மொதல்ல நீ."

அவள் அவன் தலைமயிரைக் கோதினாள். பிறகு தலையாட்டினாள்.

அரசு கட்டிய புதுக் கட்டடத்தில் வைத்துத்தான் செய்தார்கள். ஒரு கண்ணாடி அறையில் கோகிலவாணியைப் படுக்க வைத்துத் தலையில் வலைத்தொப்பி போல ஒன்றை மாட்டினார்கள். இரண்டு அறை தள்ளி ரூபனைச் சிறையிலிருந்து கொண்டுவந்து படுக்க வைத்திருப்பதாகச் சொன்னார்கள். நடைபாதையில் இரண்டு போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். யுவராஜ் அந்தப் பக்கம் திரும்பாமலே இருந்தான்.

சாயங்காலம் அவள் வெளியே வந்தாள். கூந்தலில் பசை ஒட்டியிருந்தது. யுவராஜைப் பார்த்து, "பசிக்குது மாமா," என்றாள்.

பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த கடையில் மூன்று பரோட்டா சாப்பிட்டாள். சால்னா கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாள். பின்னால் யாரோ எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார்கள். யுவராஜ்தான் துள்ளி எழுந்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதன்பின் வந்த நாட்களை யுவராஜ் வாழ்நாளில் மறக்க மாட்டான். அவள் வெறுங்காலோடு வீடெல்லாம் நடந்தாள். கதவைத் திறந்து போட்டுவிட்டுக் குளித்தாள். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனாள். அரிவாளைப் பற்றிக் கேட்டால், போன வருஷம் வந்த காய்ச்சலைப் பற்றிச் சொல்வதுபோல் எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். குரல் எங்கும் உடையவில்லை. தோட்டத்து வீட்டுக்கே திரும்பிப் போகலாமா என்று கேட்டாள். யுவராஜ்தான், "இருக்கட்டும், பாக்கலாம்," என்று தள்ளிப்போட்டான். அவன் இன்னும் கேட் சத்தம் கேட்டால் பாதி வேலையில் எழுந்து நின்றுவிடுவான்.

அவனுடைய முறை வந்தபோது போகவில்லை. கடையில் வேலை என்றான். உண்மைக் காரணம் அவனுக்கே சரியாகத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டிலுக்கு அடியில் உருண்டு போன எலுமிச்சம்பழத்தை எடுக்க யுவராஜ் முட்டி போட்டுக் கையை ஊன்றிக் குனிந்தான். பின்னால் ஒரு சத்தம். அடைத்துக்கொண்டது போன்ற, மூக்கால் வந்த சத்தம். திரும்பிப் பார்த்தான். கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கையையும் மீறிச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

அவன் எழுந்து நின்றான். எலுமிச்சம்பழம் கையில் இருந்தது.

சிரிப்பு நின்றதும் அவள் முகம் வெளுத்துப்போனது. "நான் இல்லை மாமா. சத்தியமா நான் இல்லை. அந்த நாய். அவன்தான் அன்னைக்கு அப்பிடிச் சிரிச்சான், உங்களுக்குத் தெரியும்ல. அதுவும் சேந்து வந்துருச்சு."

"தெரியும்," என்றான் யுவராஜ். "நீ ஏன் அழுவற? விடு."

அவனுக்கும் அதுதான் தோன்றியது. தோன்றியதில் ஒரு ஆறுதலும் இருந்தது. ரூபனின் கண்ணை வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தால் ரூபனுக்குத் தெரிந்ததுதானே தெரியும். அவள் என்ன செய்வாள்?

அதன்பின் இருவருக்குள்ளும் அது ஒரு வழக்கம்போல் ஆகிவிட்டது. அவன் தாழ்ப்பாளை இரண்டாம் தடவை இழுத்துப் பார்க்கும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டு வந்தவனிடம் அவன் குழைந்து பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "என்ன, உன்ற ஆளு வந்துட்டானா?" என்று யுவராஜ் வேடிக்கையாகக் கேட்பான். "வந்துட்டான், போகட்டும்," என்பாள். பள்ளிக்கூடத்தில் பயந்த பிள்ளைகளைக் கண்டால் எரிச்சலாக வருகிறது என்றாள். கரும்பலகைக்கு வர நடுங்கிய ஒரு பெண்ணை அவள் ஏதோ சொல்லிவிட்டாள். என்ன சொன்னாள் என்று மட்டும் அவனிடம் சொல்லவில்லை. "அதுவும் அவன்தான்," என்றாள்.

ஒருநாள் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே வைத்தாள். "ஜெசிந்தா மேடம் இப்ப அந்தத் திட்டத்துலதான் வேலை பாக்கறாங்களாமே. பாத்தீங்கன்னா கேளுங்க மாமா. அவனை மட்டும் திருப்பி எடுத்துட முடியுமான்னு. தூக்கம் போனாலும் போகுது. செருப்புப் போட்டுக்கிட்டே படுத்துக்கறேன். எனக்கு உங்களைப் பழையபடி பாக்கோணும்."

யுவராஜால் அன்று சாப்பிட முடியவில்லை. ஆனால் இத்தனை நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவன் கை கழுவியதும் இல்லை.

அவன் தேடிப் போகும் முன் ஜெசிந்தாவே கடைக்கு வந்துவிட்டார். வெயில் கொளுத்தும் மத்தியானம். கடைப் பையனைச் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டான் யுவராஜ். ஜெசிந்தாவின் கழுத்தில் திட்டத்தின் அடையாள அட்டை தொங்கியது. உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"வேற வேலை கிடைக்கலை தம்பி. அதான் இதுல சேந்தேன். சேந்தப்புறம் ஒண்ணு தெரிஞ்சுது. உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியலை."

"சொல்லுங்க மேடம்."

"ரூபனைச் சோதிச்சப்ப நான் அந்த அறையில இருந்தேன். அன்னைக்கு நடந்ததை மறுபடி நினைச்சுப் பாக்கச் சொல்லிப் பதிவு எடுப்பாங்க. எடுத்தாங்க. ஒண்ணுத்துக்கும் ஆகலை."

"ஏனுங்க?"

"அவனும் பயந்துதான் போயிருக்கான். உள்ளுக்குள்ள வெடவெடன்னு நடுங்கியிருக்கான். யாராவது வந்துடுவாங்களோ, அரிவாள் நிஜமாவே கழுத்துல பாஞ்சிடுமோன்னு. கூட வந்த ரெண்டு பேருக்கும் அது தெரிஞ்சிடக் கூடாதேன்னுதான் எதையாவது செஞ்சு சிரிக்கப் பாத்திருக்கான். உங்களை..." ஜெசிந்தா நிறுத்திக்கொண்டார். "எல்லாத்தையும் சொன்னான்."

யுவராஜ் தலையைக் குனிந்துகொண்டான். மேசைமேல் திறந்து கிடந்த பேட்டரியின் உள்ளறைகளைப் பார்த்தபடி கேட்டான்: "அப்ப கோகிலாவுக்குக் குடுத்தது?"

"ரூபன் மட்டுமில்லை. சோதிச்ச கைதிங்க கிட்டத்தட்ட எல்லாருமே அப்படித்தான். பயப்படாம குத்துனவன்னு ஒருத்தன்கூடத் தேறலை. ஆனா போஸ்டர் ஒட்டியாச்சு, மேசையைத் தட்டியாச்சு. இனி இல்லைன்னு எப்படிச் சொல்லுவாங்க? மெஷின் வாங்கினப்ப கூடவே ஒரு மாதிரிப் பதிவு வந்துச்சு. ஓட்டிப் பாக்கிறதுக்கு. எந்த நாட்டு ஆளோ, ஒருத்தன் ஏரிக்கரையில தூண்டில் போட்டுட்டு உக்காந்திருக்கான். அவ்வளவுதான் அதுல. மாவட்டம் பூரா எல்லாருக்கும் அதைத்தான் ஏத்தறாங்க. அது நல்லாவே பொருந்துது. அதே இடம் அதே நேரம்னு சொன்னதெல்லாம் சும்மா."

தெருவில் கரும்பு டிராக்டர் ஒன்று போனது.

"அவன் சிரிக்கிறானா மேடம்?"

"யாரு?"

"அந்தத் தூண்டில்காரன்."

ஜெசிந்தாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. "இல்லையே. தண்ணியைப் பாத்துட்டு உக்காந்திருக்கான். மீன்கூட மாட்டலை. ஏன் கேக்கறீங்க?"

"சும்மா கேட்டேனுங்க."

"அது ஒண்ணும் கெடுதல் பண்ணாது தம்பி. அது பயத்தை மட்டுந்தான் எடுக்கும். மிச்சமிருக்கிறது எல்லாம் அவங்கவங்களோடதுதான்."

ஆறுதலாகத்தான் சொன்னார் அவர். யுவராஜ் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

ஜெசிந்தா குரலைத் தாழ்த்தினார். அடுத்த வாரம் சட்டசபைக் குழு வருகிறது, கலெக்டர் ஆபீசில் கூட்டம், இன்னும் ஐந்து வருஷத்துக்கு இந்தத் திட்டத்துக்கே மொத்தப் பணத்தையும் கொடுப்பதா என்று அங்கேதான் முடிவு செய்யப் போகிறார்கள் என்றார். பலன் அடைந்தவர்களையும் அவர்கள் வீட்டாரையும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பட்டியலில் கோகிலாவும் யுவராஜும் இருக்கிறார்கள்.

"நான் எழுந்து சொன்னா, மையம் மூடுன வயித்தெரிச்சல்னு சொல்லிடுவாங்க. நீங்க எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும். எங்களுக்குக் குடுத்தது யாரோடது, பதிவைக் காட்டுங்கன்னு. அவங்களால காட்ட முடியாது. அப்புறம் நான் பேசறேன். ரூபனுக்குத் தண்டனை குறைக்கறதும் நிக்கும். அவன் ஒண்ணுமே குடுக்கலையே. மையத்தையும் திறக்க வெச்சிடலாம்." கொஞ்சம் நிறுத்தி, "தெய்வானை வீட்டை விட்டு வெளிய வந்து நாளாச்சு. பூக்கூடையைப் பாத்தாலே நடுங்குறா. யாரோ ஒரு தூண்டில்காரனோடதை அவளுக்கும் ஏத்தலாந்தானே? ஏத்த மாட்டாங்க. ஏத்தினா குட்டு வெளிப்பட்டுடும்," என்றார்.

"வரேனுங்க மேடம்," என்றான் யுவராஜ்.

சொல்லும்போது நிஜமாகவே சொல்லிவிடுவது என்றுதான் நினைத்தான்.

கூட்டத்தன்று கோகிலவாணி மாம்பழ நிறச் சேலை கட்டிக்கொண்டாள். அவனுக்குச் சட்டையை அவளே இஸ்திரி போட்டாள். இந்த ஒரு வாரமும் அவன் அவளிடம் எதையும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. ரூபனை எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். எடுப்பதற்கு உள்ளே ரூபன் இல்லை என்று எப்படிச் சொல்வது? அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டவளும், கட்டிலடியில் அவன் குனிந்ததைப் பார்த்துச் சிரித்தவளும் ஒருத்திதான், நடுவில் போனது பயம் ஒன்று மட்டும்தான் என்று எந்த வாயால் சொல்வது?

கூட்ட அரங்கில் ஏசி குளிர்ந்தது. குழுத் தலைவர் கனிவான முகமுள்ள அம்மாள். ஒவ்வொருவரையும் "வாங்கம்மா, உக்காருங்கய்யா," என்று விசாரித்தார். தண்ணீர் பாட்டில் வைத்திருந்த மேசையோரம் மற்ற ஊழியர்களோடு ஜெசிந்தா நின்றார். கதவுக்குப் பக்கத்தில், முந்தானையைக் காது மறைய இழுத்துப் போர்த்திக்கொண்டு தெய்வானை உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தாதான் எப்படியோ அவளைக் கூட்டி வந்திருக்க வேண்டும். கதவு திறந்து மூடும்போதெல்லாம் அவள் தோள் குலுங்கியது.

கோகிலவாணி மைக்கில் பேசினாள். தெளிவாக, வகுப்பெடுப்பதுபோல் பேசினாள். கைதட்டினார்கள். அடுத்து யுவராஜைக் கூப்பிட்டார்கள்.

"வீட்டம்மா சொன்னதைக் கேட்டோம். ரொம்பச் சந்தோசம்," என்றார் தலைவர். "கூடவே இருந்து பாத்தவர் நீங்க. வேற ஏதாவது குறை, சந்தேகம் இருந்தாத் தாராளமாச் சொல்லுங்க. அதுக்குத்தான் வந்திருக்கோம்."

யுவராஜ் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெசிந்தா அவனையே பார்த்தார். இரண்டாம் வரிசையில் கோகிலவாணி பையை மடியில் வைத்துக்கொண்டு அவனை அண்ணாந்து பார்த்தாள். அவள் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவன் வந்து உட்கார வேண்டிய இடம். அவள் அதன்மேல் கை வைத்திருந்தாள்.

"சந்தேகம் ஒண்ணும் இல்லைங்க," என்றான். மைக்கை மாற்றிப் பிடித்துக்கொண்டான். "ரூபனோட அமைதி எங்க வீட்டுக்கு நல்லபடியா வேலை செஞ்சிருக்குதுங்க. அவனுக்குத் தண்டனை குறைக்கறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்லைங்க."

மறுபடி கைதட்டினார்கள். குழுத் தலைவர் நெகிழ்ந்துபோய்ப் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். யுவராஜ் தன் இடத்துக்குத் திரும்பி வந்தபோது கதவு திறந்து மூடுவது தெரிந்தது. தெய்வானையின் நாற்காலி காலியாக இருந்தது. ஜெசிந்தா மேசைமேலிருந்த தண்ணீர் பாட்டில்களை வரிசையாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். அவன் பக்கம் பார்க்கவில்லை.

மாணிக்காபுரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. கோகிலவாணி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஊர் எல்லை தாண்டி மஞ்சள் பயிரிட்ட காடுகள் வந்தபின் கேட்டாள்: "மேடத்துகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எடுக்க முடியுமாமா?"

"முடியாதாம் கோகி. அவனோடது உன்னோட சேந்து இறுகிடுச்சாம். இனிப் பிரிக்க முடியாதாம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வருத்தப்படுகிறாள் என்று நினைத்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான் யுவராஜ். அவள் திரும்பினாள். முகத்தில் வருத்தம் இல்லை. பரீட்சையில் தேறிய பிள்ளையின் முகம் போல் இருந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா மாமா? எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துது. ஒருவேளை அவன் இல்லையோ, நானேதானோ அப்பிடின்னு. யார்கிட்டயும் சொல்லலை."

"சீ, நீயா? உன்னை எனக்குத் தெரியாதா?"

"மேடமே சொன்னாங்கள்ல? அவனோடதுதான்னு?"

"மேடமே சொன்னாங்க."

அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். வெகு நாளைக்குப் பிறகு சாய்கிறாள். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கையிலிருந்த டிக்கெட் நழுவி விழ, எடுக்கலாம் என்று யுவராஜ் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். தோளுக்குப் பக்கத்தில் அவள் உடம்பு குலுங்குவது தெரிந்தது. அழுகிறாளோ என்று பதறி நிமிர்ந்தான்.

"மன்னிச்சுக்குங்க," என்றாள், வாயைப் பொத்திக்கொண்டு. கண்ணில் நீர் கோத்திருந்தது. "அவன்தான். வந்துட்டான்."

"தெரியுது. அடக்காத, சிரி."

"நிசமாத்தான் சொல்றீங்களா? கோவமில்லையே?"

"உன்மேல எதுக்குக் கோவம்? அவன்தானே சிரிக்கிறான்."

அவள் கையை எடுத்துவிட்டாள். மூச்சு முட்ட, தோள் குலுங்க, பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். கல்யாணமான புதிதில் அவள் இப்படித்தான் சிரிப்பாள். முன்சீட்டுக் குழந்தை எட்டிப் பார்த்து, காரணம் தெரியாமல் தானும் சிரித்தது. அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் சிரிப்பு பொங்கியது. மஞ்சள் காட்டுக் காற்று ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது.

யுவராஜும் கூடச் சேர்ந்து சிரித்தான்.